மாணவர்கள் பாக்கு போடத் தொடங்குவது எதனால்?

கேள்வி: டெல்டா ஆசிரியை

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் நடத்துகிறேன். இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் ஏழெட்டுப் பையன்கள் பாக்கு போடுகிறார்கள். புகையிலை அல்ல, பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் வாசனைப் பாக்குப் பொட்டலம்தான். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறான் ஒருவன்; அவன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சுவரெல்லாம் காவிக் கறை. தந்தையை அழைத்துச் சொன்னேன். "பீடி, சிகரெட் என்று போகவில்லையே டீச்சர், எங்கள் வீட்டில் எல்லாரும் வெற்றிலை போடுகிறவர்கள்தானே" என்றார். அவர் சட்டைப்பையிலும் ஒரு பொட்டலம் தெரிந்தது. வெற்றிலைக் கொடிக்கால்கள் சூழ்ந்த மண்ணில், தாம்பூலம் இல்லாமல் ஒரு நல்ல காரியமும் நடக்காத வீட்டுப் பிள்ளையிடம் இதைத் தவறென்று எப்படிச் சொல்வது? சமூக, பண்பாட்டுக் காரணங்களை அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

பதில் 1: திண்ணைக்காரர்

பண்பாடு என்ற சொல்லை அந்தத் தந்தைக்கு விட்டுக்கொடுத்துவிடாதீர்கள், அம்மா. படிக்கிற பிள்ளை வெற்றிலை போடலாகாது என்பதுதான் நம் பழைய வழக்கம். பிரம்மச்சாரிக்குத் தாம்பூலம் விலக்கு என்று சாத்திரம் சொன்னது. சாத்திரம் அறியாத வீடுகளில் "சின்னப் பிள்ளை வெத்தலை போட்டா மாடு முட்டும்", "நாக்கு தடிச்சுப் படிப்பு வராது" என்று மிரட்டி வைத்தார்கள். என் பாட்டி வெற்றிலையின் காம்பையும் நுனியையும் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, சீவல் வைத்து மடித்துத் தாத்தாவிடம் நீட்டுவாள். யாருக்கு மடித்துக் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்பதெல்லாம் அவள் தீர்மானம். பொட்டலம் வந்ததும் மடித்துக் கொடுக்கும் அந்தக் கை தேவையற்றுப் போயிற்று, அதனோடு வயதுக்கட்டும் போயிற்று.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெற்றிலைச் செல்லப்பெட்டியை எடுத்து வரச் சொல்வதும், கடைக்கு அனுப்பிக் கொழுந்து வெற்றிலை வாங்கி வரச் சொல்வதும் பேரப்பிள்ளைகளைத்தான். போய் வந்த கூலியாக ஒரு துணுக்குப் பாக்கு வாயில் விழும். எனக்கும் விழுந்திருக்கிறது.

பதில் 2: முன்னாள் விடுதி மாணவன்

நான் கல்லூரி விடுதியில் பழகி, நான்கு ஆண்டுகள் போட்டு, பெரும்பாடுபட்டு விட்டவன். தாம்பூலத் தட்டு எதுவும் எங்கள் நினைவில் இல்லை. மெஸ்ஸில் சாப்பிட்டு வெளியே வந்ததும் சீனியர் ஒருவர் பொட்டலத்தின் முனையைக் கடித்துக் கிழித்து, வரிசையாக எல்லார் உள்ளங்கையிலும் கொஞ்சம் தட்டுவார். கையை நீட்டாதவன் அந்தக் கூட்டத்தைச் சேராதவன். முதல் நாள் நான் நீட்டியது அதற்காகத்தான். இரண்டாம் மாதம் என் காசில் வாங்கினேன். இரவு கண்விழித்துப் படிக்க உதவுகிறது என்று சொல்லிக்கொண்டோம். போட்டவுடன் உடம்பில் ஒரு சூடு ஏறி, நெற்றி வியர்ப்பது உண்மைதான். சிகரெட் பிடித்தவர்களுக்கு நாற்றத்தை மறைக்கவும் அது வேண்டியிருந்தது.

உங்கள் ஊர்ப் பையன்கள் முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறப் போகிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். எங்களில் சிலர் அங்கேதான் கற்றார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, கடைசிப் பந்தி முடியும்வரை சாப்பிடாமல் நிற்கும்போது, பசி தெரியாமலிருக்கப் பெரியவர்கள் போடுவதைத்தான் பையனும் போடுவான். பெண் பிள்ளைகளிடம் இது குறைவாக இருந்ததற்கு அறிவுரை காரணமல்ல. நாலு பேர் முன்னால் துப்புவது அவர்களுக்கு அனுமதிக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

பதில் 3: பல் மருத்துவர்

"புகையிலை அல்ல" என்ற ஆறுதலை ஆசிரியையும் விட்டுவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை கலக்காத பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சேர்த்துவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள்தான் சுறுசுறுப்பையும் தருகிறது, பழக்கத்துக்கும் அடிமையாக்குகிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார்போல் இறுகி, வாய் திறப்பது குறையும். நடுமூன்று விரல்களைச் சேர்த்து நிமிர்த்தி மேல் கீழ்ப் பற்களுக்கிடையே வைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள். இறுகிய நார் பெரும்பாலும் பழையபடி ஆவதில்லை, ஆகவே காத்திருக்க வேண்டாம்.

கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டம் வெறும் பாக்கைத் தொடுவதில்லை. கடைக்காரருக்கு அது நன்றாகவே தெரியும்.

மீண்டும்: டெல்டா ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. பந்தி பரிமாறும் செய்தி என் கண்ணில் படாமலே இருந்தது. ஏழு பேரில் ஐந்து பேர் போகிறார்களாம். "மாடு முட்டும்" என்று உங்கள் வீட்டில் சொன்னதில்லையா என்று வகுப்பில் கேட்டேன். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. "எங்கள் தெருவில் இப்போது மாடே இல்லை டீச்சர்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். பிறகு மூன்று விரல் சோதனையை விளையாட்டுப் போல எல்லாரையும் செய்யச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டுவான் என்றேனே, அவனுக்கு இரண்டு விரல்தான் நுழைந்தது. சனிக்கிழமை அவனையும் அவன் தந்தையையும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு அழைத்துச் செல்கிறேன்.