உதவி: இரண்டாவது பாக்ஸ் நின்றுவிட்டது, லேண்ட்லைன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்

புதுக்கடைக்காரன்
வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்கள் டிடிஎச்சில் இரண்டு பாக்ஸ். ஒன்று நன்றாக ஓடுகிறது. இன்னொன்றில் சந்தா இல்லை என்ற எழுத்து மட்டும் வருகிறது. பணமெல்லாம் கட்டியாகிவிட்டது. நேற்று ஒருவர் போனில் கூப்பிட்டு, அக்கவுண்ட் சரிபார்ப்பு என்று சொல்லி இரண்டு பாக்ஸ் நம்பரையும் வாசிக்கச் சொன்னார். ஒன்றைத்தான் வாசிக்க முடிந்தது. லேண்ட்லைன் இருக்கிறதா என்றார். எப்போதோ சரண்டர் செய்துவிட்டோம் என்றேன். இனி இரண்டாவது பாக்ஸுக்கு முழுக் கட்டணம் என்று சொல்லி வைத்துவிட்டார். லேண்ட்லைன் இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம் என்று ஒரு விதி உண்டா? அம்மா டிவி பார்க்க முடியாமல் இருக்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல் கடற்கரை
போனை விடுங்கள் மக்கா. முதலில் மாடியில் ஏறி எல்என்பியை, அதாவது டிஷ்ஷின் முன்னால் கம்பியில் நிற்கிற சிக்னல் வாங்கியை, பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பிடித்துப் போகும். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு இதுதான் நோய். முனையை வெட்டிப் புது கனெக்டர் போட்டால் படம் வந்துவிடும்.

தக்கலை ஆன்டெனா
அண்ணே, எல்என்பி போயிருந்தால் சிக்னல் இல்லை என்றுதான் வரும். சந்தா இல்லை என்று வந்தால் சிக்னல் பாக்ஸுக்குள் வந்துவிட்டது, பாக்ஸில் இருக்கிற சந்தா கார்டுக்குத்தான் அனுமதி இல்லை என்று அர்த்தம். இரண்டும் வேறு வேறு. கேட்டவர் இதைச் சொல்லட்டும்: இரண்டு பாக்ஸும் ஒரே டிஷ்ஷிலா? எல்லாச் சேனலும் போய்விட்டதா, கட்டணச் சேனல் மட்டுமா? தூர்தர்ஷன் வருகிறதா?

மேல்புறம் டீச்சர்
தம்பி, அந்த அழைப்பு எந்த நம்பரிலிருந்து வந்தது? ஓடிபி கேட்டாரா? ஏதாவது ஆப் இறக்கச் சொன்னாரா? சரிபார்ப்பு என்று சொல்லிப் பணம் பறிக்கிற கூட்டம் இப்போது நிறைய. ஓடிபி கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 1930-க்கு உடனே அடியுங்கள். இணையக் குற்றத்துக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது. பணம் கைமாறிக் கணக்குக் கணக்காகப் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம்.

விதி வாசகர்
இந்தக் குழுவில் நான் பல முறை எழுதிய விஷயம். படித்துவிட்டுக் கேட்டிருந்தால் இத்தனை பதில் தேவைப்பட்டிருக்காது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-இல் கொண்டுவந்த கட்டண முறையில், இணைப்புக்காக மாதாமாதம் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் தனி, சேனல் விலை தனி. 2020 திருத்தத்தில், ஒரே வீட்டில் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் இணைப்பு இருந்தால், இரண்டாவது முதல் ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் கட்டணம் முதல் இணைப்பின் கட்டணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றார்கள். முதல் இணைப்புக்கு 130 ரூபாய் என்றால் இரண்டாவதற்கு 52 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 61.36. "ஒரே வீட்டில்" என்பதைக் கவனிக்க வேண்டும். லேண்ட்லைன் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

வடசேரி சந்தை
அண்ணாச்சி, நீங்கள் சொல்வது பழைய கணக்கு. 130 ரூபாய் உச்சவரம்பை 2024 ஜூலையில் டிராய் எடுத்துவிட்டது. இப்போது நெட்வொர்க் கட்டணத்தை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெளிப்படையாக வெளியிட வேண்டும். எனவே 61.36 என்று போனில் சண்டை போடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நிறுவனத்தின் தளத்தில் இன்று என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

விதி வாசகர்
உச்சவரம்பு போனது எனக்கும் தெரியும். கணக்கின் அடிப்படை புரியட்டும் என்று சொன்னேன். அரைகுறையாகப் படித்துவிட்டுத் திருத்த வர வேண்டாம்.

வடசேரி சந்தை
அடிப்படை புரிவதற்கு ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அண்ணாச்சி. கேட்டவர் இன்றைக்குக் கட்டப்போகிறவர்.

வெள்ளமடம் மாமா
லேண்ட்லைன் விஷயம் கட்டுக்கதை இல்லை. நான் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தபோது பார்த்திருக்கிறேன். டைரக்ட்டிவி, டிஷ் நெட்வொர்க் இரண்டிலும் பாக்ஸின் பின்னால் டெலிபோன் வயர் செருக ஓர் இடம் இருக்கும். காசு கொடுத்துத் தனியாகப் பார்க்கிற படங்களின் கணக்கை பாக்ஸ் தானே போன் போட்டுச் சொல்லும். டிஷ் நெட்வொர்க்கில் சில பாக்ஸ்களுக்கு வயர் செருகாவிட்டால் மாதம் 5 டாலர் பக்கம் கூடுதல். டைரக்ட்டிவியில் இரண்டாவது பாக்ஸுக்கு 4.99 டாலர் தனியாக வாங்கினார்கள். எல்லாப் பாக்ஸும் ஒரே வீட்டில்தான் இருக்கிறதா என்று பார்க்கவும் அந்த வயர் உதவியது, ஒரே போன் நம்பரிலிருந்து அழைப்பு வர வேண்டும் அல்லவா. சந்தேகம் வந்தால் ஆளைப் போனில் பிடித்து, எல்லாப் பாக்ஸையும் போட்டு நம்பரை வாசிக்கச் சொல்வார்கள். தம்பிக்கு வந்த அழைப்பும் அதே மாதிரிதான் இருக்கிறது.

குளச்சல் கடற்கரை
அப்போது இங்கேயும் வயர் செருகினால் கட்டணம் குறையுமா மாமா?

தக்கலை ஆன்டெனா
குறையாது. இங்கே டிடிஎச்சுக்கு லேண்ட்லைன் வேண்டியதே இல்லை. பதிவு செய்த மொபைல் நம்பர்தான் எல்லாவற்றுக்கும். சாதாரண பாக்ஸ் வானத்திலிருந்து வருவதை வாங்கும், திருப்பி ஒன்றும் அனுப்பாது. அனுமதி கொடுப்பதும் எடுப்பதும் செயற்கைக்கோள் வழியாகக் கார்டு நம்பருக்கு வருகிற கட்டளையில் நடக்கிறது. இன்டர்நெட் கோர்க்காத பாக்ஸ் எந்த ஊரில் இருக்கிறது என்று நிறுவனத்துக்கு அதைக்கொண்டு தெரியாது. அப்படியிருக்க ஏன் சந்தேகம் வந்தது என்பதுதான் கேள்வி. புதுக்கடை நண்பரே, இரண்டாவது பாக்ஸும் புதுக்கடையில்தான் இருக்கிறதா? இதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

மேல்புறம் டீச்சர்
அதையும் சொல்லுங்கள், ஓடிபி விஷயத்தையும் சொல்லுங்கள் தம்பி. அதற்குப் பதிலே இல்லை.

புதுக்கடைக்காரன்
ஓடிபி கேட்கவில்லை டீச்சர். கஸ்டமர் கேருக்கு நானே திரும்ப அடித்துப் பார்த்தேன், அழைப்பு உண்மைதான் என்றார்கள். இரண்டாவது பாக்ஸ் குலசேகரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறது. அம்மா இப்போது அங்கேதான். போன மழையில் படம் வராமல் அக்கா புகார் கொடுத்து, ஆள் வந்து டிஷ்ஷைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். இணைப்பு என் பெயரில்.

தக்கலை ஆன்டெனா
இப்போது விளங்குகிறது. புகாரில் அக்கா வீட்டு முகவரி பதிவாகியிருக்கும். அக்கவுண்டில் புதுக்கடை, வேலை நடந்தது குலசேகரத்தில். அந்த இணைப்பு, ஒரே வீட்டில் இரண்டாவது டிவிக்கு என்று தருகிற சலுகையில் ஓடுகிறது. அதனால்தான் இரண்டு நம்பரையும் ஒரே நேரத்தில் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். லேண்ட்லைனைக் கேட்டது வீட்டு முகவரியோடு ஒட்டிப் பார்க்கத்தான் இருக்கும், கூடுதல் கட்டணம் அதற்காக இல்லை. அக்கா வீடு தனி வீடு, தனி இணைப்புக் கட்டணம்தான் வரும். பாக்ஸை அக்கா பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வேண்டிய சேனலை மட்டும் எடுத்தால் மாதச் செலவு பயப்படுகிற அளவுக்கு ஏறாது. மாற்றிய பிறகு பாக்ஸை அணைத்து வைக்காதீர்கள். போட்டுவிட்டு ஒரு சேனலில் நிறுத்தி, ரிஃப்ரெஷ், அதாவது அனுமதிக் கட்டளையை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அணைந்திருக்கும் பாக்ஸுக்குக் கட்டளை போய்ச் சேராமல் போகலாம், அப்புறம் பணம் கட்டியும் படம் இல்லை என்று திரும்ப அலைய வேண்டும்.

விதி வாசகர்
ஒரே வீட்டில் என்று நான் முதலிலேயே எழுதியிருந்தேன்.

வெள்ளமடம் மாமா
ஆனால் இரண்டு முகவரி இருந்தால் அம்மா டிவி பார்க்கக் கூடாதா? காசு கட்டுகிறவர் ஒருவர்தானே. திடீரென்று நிறுத்தாமல் ஒரு வாரம் அவகாசம் கொடுத்துச் சொல்லியிருக்கலாம்.

குளச்சல் கடற்கரை
மாமா சொல்வது நியாயம். நான் இதற்கெல்லாம் போகாமல் டிடி ஃப்ரீ டிஷ் வாங்கினேன். டிஷ்ஷும் பாக்ஸும் வாங்குகிற காசோடு சரி, மாதக் கட்டணம் கிடையாது. யாரும் போன் செய்து நம்பர் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள்.

மேல்புறம் டீச்சர்
செலவில்லைதான், ஆனால் தமிழுக்கு அதில் என்ன இருக்கிறது? டிடி தமிழ் வரும், 2024 வரை பொதிகை என்ற பெயரில் இருந்த அதே சேனல். எங்கள் பக்கம் மலையாளச் சேனலும் வேண்டும், தமிழ்ச் சீரியலும் வேண்டும். கேட்டவரின் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

குளச்சல் கடற்கரை
செய்தியும் பழைய பாட்டும் போதும் என்பவர்களுக்கு வேறென்ன வேண்டும் டீச்சர்.

வடசேரி சந்தை
அது அவரவர் வீட்டு விஷயம். கேட்டவருக்குத் தேவை சீரியல்.

புதுக்கடைக்காரன்
அக்கா பெயருக்கு மாற்றிவிட்டோம். முகவரிச் சான்று கேட்டார்கள், கொடுத்தோம். தக்கலை அண்ணே சொன்னபடி பாக்ஸைப் போட்டு வைத்து ரிஃப்ரெஷ் அனுப்பச் சொன்னேன், படம் வந்துவிட்டது. லேண்ட்லைன் வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். எல்லோருக்கும் நன்றி.

வெள்ளமடம் மாமா
நல்லது தம்பி. குளச்சல் நண்பருக்கு ஒரு கேள்வி: ஃப்ரீ டிஷ் எந்தத் திசையில் வைக்க வேண்டும்? எங்கள் வீட்டில் கிழக்கே இரண்டு தென்னை நிற்கிறது.

தக்கலை ஆன்டெனா
நான் சொல்கிறேன் மாமா. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட் 15 செயற்கைக்கோளிலிருந்து. நம் குமரி மாவட்டத்திலிருந்து பார்த்தால் நேர் கிழக்கிலிருந்து தெற்குப் பக்கம் 26 டிகிரி தள்ளி, உயரத்தில் கிட்டத்தட்ட 69 டிகிரி. அதாவது ஏறத்தாழ தலைக்கு மேலே. எல்என்பி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கிற ஆஃப்செட் டிஷ் என்பதால் தட்டு அவ்வளவு மல்லாந்து தெரியாது, ஆனால் பார்வை மேலேதான். தென்னை டிஷ்ஷிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி நின்றால், மரம் டிஷ்ஷை விடப் பத்து மீட்டர் வரை உயர்ந்திருந்தாலும் தொந்தரவு இல்லை. அதைவிட ஓங்கியது என்றால் இன்னும் தள்ளி வையுங்கள். மட்டை டிஷ்ஷுக்கு மேலே சாய்ந்து நின்றால் மட்டும் இடத்தை மாற்றுங்கள்.