மியூனிக்: பாசிங்கில் வீடு, கார்ச்சிங்கில் வேலை. எந்த டிக்கெட், எந்த வண்டி?

கேள்வி

அண்ணன்கள், அக்காக்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் நடுவில் வேலைக்காக மியூனிக் வருகிறேன். ஞாயிறு இரவு விமானம் இறங்கும். வீடு பாசிங், அலுவலகம் கார்ச்சிங். ஜெர்மன் வங்கிக் கணக்கு இன்னும் இல்லை. முதல் நாள் என்ன டிக்கெட் எடுப்பது? மாத டிக்கெட் எப்போது வாங்கலாம்? ஸ்டேஷனில் டிக்கெட் பார்க்கும் தடுப்பு கேட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்கிறார்களே, அப்படியா?

பதில் 1

கேட் கிடையாது, உண்மைதான். ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர்கள் ஏறுவார்கள். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம். "ஊருக்குப் புதிது" என்றால் விடமாட்டார்கள்.

புதிதாக வருபவர்கள் மாட்டுவது பெரும்பாலும் டிக்கெட் வாங்கியும் முத்திரை குத்தாததால்தான். டிக்கெட்டில் "பிட்டே ஹியர் என்ட்வெர்ட்டன்" (இங்கே முத்திரை குத்தவும்) என்று அச்சாகியிருந்தால், எஸ்-பான் (புறநகர் ரயில்), யு-பான் (மெட்ரோ) நடைமேடைக்குப் போகும் முன் வழியில் நிற்கும் சின்னப் பெட்டியில் நுழைத்துக் குத்த வேண்டும். பஸ், டிராமில் அந்தப் பெட்டி வண்டிக்குள்ளேயே இருக்கும். குத்தாத டிக்கெட் வெறும் காகிதம். செயலியில் வாங்குவதற்குக் குத்தும் வேலை இல்லை. ஆனால் ஏறும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். பரிசோதகரைப் பார்த்த பிறகு வாங்கினால் செல்லாது.

முதல் நாளைக்கு விமான நிலைய மெஷினில் 'ஏர்போர்ட் சிட்டி டே டிக்கெட்' எடுங்கள். விமான நிலையம் 5ஆம் கட்டண மண்டலம், பாசிங் 'எம்' கட்டண மண்டலம், இரண்டும் இதில் அடங்கும். மறுநாள் காலை 6 மணி வரை செல்லும்.

பதில் 2

மாத டிக்கெட்டுக்கு டாய்ச்லாண்ட்டிக்கெட்தான். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுக்க பஸ், டிராம், யு-பான், எஸ்-பான், ஆர்பி, ஆர்இ எனும் வட்டார ரயில்களில் செல்லும். ஐசிஇ, ஐசி, இசி எனும் நெடுந்தூர வண்டிகளில் செல்லாது. ரயில் தாமதமானால் ஐசிஇயில் ஏறலாம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள், அந்தச் சலுகை இந்த டிக்கெட்டுக்குப் பொருந்தாது.

வாங்கும் முன் அலுவலகத்தில் 'ஜாப்டிக்கெட்' உண்டா என்று கேளுங்கள். கட்டணத்தில் குறைந்தது 25 சதவீதத்தை உங்கள் நிறுவனம் ஏற்றால் இன்னும் 5 சதவீதம் தள்ளுபடி, உங்கள் பங்கு அதிகபட்சம் 44.10 யூரோ.

டிக்கெட்டின் மாதக் கணக்கு 1ஆம் தேதி தொடங்கும். மாத நடுவில் சேர்ந்தால் டிக்கெட் விற்கும் சில நிறுவனங்கள் மீதி நாளுக்கு மட்டும் வாங்கும், சில முழுக் கட்டணம் வாங்கும். பல செயலிகள் வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுக்கும், சில கிரெடிட் கார்டும் ஏற்கும். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் டிக்கெட்டை முடக்கிவிடுவார்கள்.

இது சந்தா, தானாக நீளும். ஊருக்கு ஒரு மாத விடுப்பில் போவதென்றால் முந்தைய மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யுங்கள். 11ஆம் தேதி செய்தால் இன்னொரு 63 யூரோ போச்சு.

நம் ஆட்களுக்கு ஒரு தனித் தலைவலி, பெயர். தந்தை பெயரா, இனிஷியலா என்று குழம்பாமல் பாஸ்போர்ட்டில் இருப்பதை அப்படியே போடுங்கள், அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போன் சார்ஜ் தீர்ந்து மாட்டினால் ஒரு வாரத்துக்குள் டிக்கெட்டைக் காட்டுங்கள், 60 யூரோ 7 யூரோவாகக் குறையும்.

விமான நிலையத்திலிருந்து எஸ்1, எஸ்8 எது முதலில் வருகிறதோ ஏறுங்கள்.

பதில் 3

பதில் 2இன் கடைசி வரியை மட்டும் திருத்துகிறேன். பாசிங் போகிறவருக்கு எஸ்8தான் நேர் வண்டி, 20 நிமிடத்துக்கு ஒன்று. எஸ்1 பாசிங் போகாது, லாயிமில் இறங்கி மாற வேண்டும். இரண்டு பெட்டியோடு ராத்திரியில் அது எதற்கு?

திரும்ப விமான நிலையம் போகும்போதும் எஸ்1இல் கவனம் தேவை. நொய்ஃபார்னில் வண்டி இரண்டாகப் பிரியும். பின்பக்கம் விமான நிலையம், முன்பக்கம் ஃப்ரைசிங். விமானத்தைத் தவறவிட இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அலுவலகத்துக்கு: பாசிங்கில் எஸ்-பான், மரியன்பிளாட்சில் யு6, கார்ச்சிங். நகர நடுவில் எல்லா எஸ்-பானும் ஒரே சுரங்கத்தில் ஓடுவதால் ஒன்று நின்றால் பின்னால் எல்லாம் நிற்கும். அப்போது பாசிங்கில் காத்திருக்காதீர்கள். ஆர்பி, ஆர்இ ரயில்கள் மேலே தனித் தடத்தில் ஹாப்ட்பான்ஹோஃப் (மத்திய ரயில் நிலையம்) போகும், அதே டிக்கெட் போதும். அங்கே கீழே யு4 அல்லது யு5 பிடித்து ஓடியன்ஸ்பிளாட்ஸ், அங்கே யு6. மரியன்பிளாட்ஸ் நெரிசலும் மிச்சம்.

வார இறுதிகளில் சுரங்கப் பணி அடிக்கடி நடக்கும். செயலியில் 'எஸ்இவி' என்று வந்தால் ரயிலுக்குப் பதில் பஸ். நிறுத்தம் ஸ்டேஷன் வாசலிலேயே இருக்கும் என்று நினைக்காமல் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். நீங்கள் இறங்குவது ஞாயிறு, ஆகவே கிளம்பும் முன் எஸ்8 ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மனைவியும் 7 வயது மகளும் பிறகு வருவார்கள், என் டிக்கெட்டில் கூட்டிப்போகலாமா?

பதில் 2

முடியாது. ஒருவருக்கு ஒன்று. 6 வயதுக்குக் கீழ்தான் இலவசம், மகளுக்குத் தனி டிக்கெட் வேண்டும். சைக்கிள் ஏற்றவும் தனி டிக்கெட்.