குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும் நாய்க்கு என்ன செய்யலாம்?

வணக்கம் மக்களே. நாங்கள் காட்பாடி. வீட்டில் ஒரு லாப்ரடார், பெயர் மணி. வேளாவேளைக்குச் சாப்பாடு போடுகிறோம், பூச்சி மருந்தும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் சமையல்கட்டில் ஆள் இல்லை என்றால் போதும், மேடையில் முன்னங்கால் இரண்டையும் வைத்து நிற்பான்.

போன ஞாயிறு ஆம்பூர் பிரியாணி வாங்கினோம். எலும்பு, இலை எல்லாம் பையில் முடிச்சுப் போட்டுத் தொட்டியில் கிடந்தன. கை கழுவி வருவதற்குள் பை கிழிந்து கூடம் முழுக்கச் சோறு. மூக்கு நுனியில் வெங்காயத் துண்டு ஒட்டியிருக்க, ஒன்றும் தெரியாதவன் மாதிரி சோபாவுக்குப் பின்னால் படுத்திருந்தான்.

சிரிப்பு வந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் நாய்களின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பிரியாணிக்குத் தரும் தயிர்ப் பச்சடியில் பாதி அதுதானே! திராட்சையும் சாக்லேட்டும்கூட ஆகாது.

திட்டினால் பலனில்லை. எப்போதாவது கிடைக்கிற ஒரு எலும்புத் துண்டே அவனை மறுபடி மறுபடி தேட வைக்கிறது. அதனால் எதுவும் எட்டாதபடி செய்வதுதான் முதல் வேலை. பெடல் தொட்டியைத் தள்ளிச் சாய்த்துவிடுகிறான். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு தொட்டி வேறு. தூய்மைப் பணியாளர் வரும்வரை வீட்டுக்குள்தான் இருந்தாக வேண்டும்.

மூடியை இறுக்கிப் பூட்டுகிற மாதிரி தொட்டி வேலூர்ப் பக்கம் எங்கே கிடைக்கும்? அப்புறம், 'விடு' என்றால் விடுவதற்கு உங்கள் நாயை எப்படிப் பழக்கினீர்கள்? மிளகாய்த்தூள் தூவு, இரண்டு போடு என்கிற யோசனை மட்டும் வேண்டாம்.