புதுப்பிப்பு: போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடல்

மூலக்கூறு உயிரியலில் பிஎச்டி முடித்தாயிற்று, காரைக்குடியிலிருந்து அடுத்து எங்கே என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நீங்கள் சொன்னவற்றில் எம்போ (ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பு) தரும் போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கு முயல்வது என்று முடிவு செய்தேன். பட்டம் வாங்கி 2 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நாடு மாற வேண்டும், முதல் ஆசிரியராக ஒரு கட்டுரையாவது வேண்டும். கட்டுரை இருக்கிறது. ஆனால் முதலில் நம்மைச் சேர்த்துக்கொள்ள ஓர் ஆய்வகம் வேண்டுமே! பதினோரு ஆய்வகத் தலைவர்களுக்கு எழுதினேன். பொதுவாக எழுதிய ஒன்பதுக்கும் பதிலே இல்லை. அவர்களுடைய கட்டுரையைப் படித்து, அதிலிருந்தே ஒரு கேள்வி கேட்டு எழுதிய இரண்டுக்கும் பதில் வந்தது. அடுத்த வாரம் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் ஆய்வகம் ஒன்றோடு ஜூமில் பேசுகிறேன்.

அப்புறம், அப்பத்தாவிடம் சொல்லத்தான் பயந்தேன். "எங்க மாமனார் ரங்கூனுக்குக் கப்பலேறினவுக. நீ போயிட்டு வா ஆத்தா" என்றார்கள்.