மறு: புள்ளிமுகிலை ‘கம்ப்ரஸ்’ செய்வதற்குத் தமிழ்ச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

லேசர் வருடி தரும் புள்ளித் தொகுதிக்குப் ‘புள்ளிமுகில்’ என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அதை மறுபடி கிளற வேண்டாம். இப்போது கேள்வி ‘கம்ப்ரஷன்’, அதாவது அந்தத் தரவுக் கோப்பைச் சிறிதாக்குவது. சுருக்கம், அமுக்கம், இறுக்கம், செறிவாக்கம் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

கடலூரில் ஒரு வேலைக்காகக் கெடிலம் ஆற்றுக் கரையின் லைடார் (லேசர் வருடல்) தரவைக் “கம்ப்ரஸ் பண்ணி அனுப்புங்க” என்று கேட்டிருந்தோம். கோப்பு சின்னதாகத்தான் வந்தது. திறந்தால், மீட்டருக்கு ஒரு புள்ளியை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் எடுத்திருந்தார்கள். அவர்களைக் கேட்டால் அதுவும் கம்ப்ரஸ்தான். இந்தப் பக்கம் நிலம் தட்டை. வெள்ளம் எங்கே பொங்கி வழியும் என்பதைக் குறுகலான கரையின் உச்சிதான் தீர்மானிக்கும். உச்சியில் விழுந்த புள்ளிகள் போய்விட்டால், கணினிக் கணக்கில் கரையே தாழ்ந்துவிடும்.

ஆக, இரண்டு வேலைக்கு இரண்டு சொல் வேண்டும். புள்ளியைக் குறைப்பதற்குப் புதிதாக எதுவும் உருவாக்க வேண்டியதில்லை. எள் விதைத்தவர்கள் ‘பயிர் கலைத்தல்’ என்பார்கள். நெருக்கமாக முளைத்ததில் சிலவற்றைப் பிடுங்கி இடைவெளி விடுவது. அதுவேதான் இங்கும் நடக்கிறது: ‘புள்ளி கலைத்தல்’. (‘முகில் கலைத்தல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், மழை போய்விடும்.)

இனி, புள்ளியைத் தொடாமல் கோப்பை மட்டும் சிறிதாக்கும் வேலை. புள்ளிமுகிலைச் சேமிக்கும் ‘லாஸ்’ கோப்பு வடிவத்தின் எளிய பதிவில் ஒரு புள்ளிக்கு 20 பைட்: மூன்று ஆயத்தொலைவுக்கு 12, மீதி எதிரொளியின் வலிமை, எத்தனையாவது எதிரொளிப்பு, தரையா மரமா என்ற வகைப்பாடு போன்றவற்றுக்கு. 1 கோடி புள்ளி என்றால் 20 கோடி பைட். மார்ட்டின் ஐசன்பர்க் எழுதிய லாஸ்ஜிப் நிரல் இதை 7 முதல் 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்துவிடும். முந்தைய புள்ளிகளைப் பார்த்து அடுத்தது எங்கே இருக்கும் என்று ஊகிக்கிறது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதி வைக்கிறது. அடிக்கடி வரும் வித்தியாசத்துக்குக் குறைவான பிட், அரிதானதற்கு அதிக பிட். திருப்பி எடுக்கும்போது ஒரு பிட் கூட மாறியிருக்காது.

இதற்குச் ‘சுருக்கம்’ பொருந்தாது. கதைச்சுருக்கம் எழுதினால் ஏதாவது விட்டுப்போகத்தான் செய்யும். ‘அமுக்கம்’ ஈழத் தமிழர் வழக்கில் காற்றழுத்தத்தையும் குறிக்கும். ‘செறிவாக்கம்’ நம் துறைக்கே ஆபத்து. சதுர மீட்டருக்கு எத்தனை புள்ளி என்பதைப் ‘புள்ளிச் செறிவு’ என்றுதான் சொல்கிறோம். செறிவாக்கி அனுப்பு என்றால் இன்னும் நாலு தடவை ட்ரோனைப் பறக்கவிடுவார்கள்! ‘இறுக்கம்’ பரவாயில்லை. ஆனால் திரும்பப் பிரிப்பதற்குத் ‘தளர்த்தல்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒட்டவில்லை.

என் பரிந்துரை: மடித்தல், விரித்தல். மடித்த கோப்பு, மடிப்பு விகிதம், விரிக்கும் நேரம், எல்லாம் தானாக அமைகின்றன. “புள்ளி கலைக்காமல், மடித்து அனுப்பவும்” என்று பணி ஆணையில் எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

~

ஐயா, வணக்கம்.

‘மடி’யில் ஒரு வம்பு இருக்கிறது. “கோப்பு மடிந்துவிட்டது” என்று ஒருவர் எழுதினால் நான் துக்கம் விசாரிக்க வேண்டியிருக்கும். பிறவினையில் மட்டும் பயன்படுத்துவோம் என்று குறிப்பு போட்டுவிட்டால் எனக்குச் சம்மதம்.

இன்னொரு காரணத்துக்காகவும் சம்மதம். மடிக்காத கோப்பின் பின்னொட்டும் மடித்த கோப்பின் பின்னொட்டும் (.las, .laz) தமிழில் எழுதினால் இரண்டுமே ‘லாஸ்’. நஷ்டமும் ‘லாஸ்’. நான் இருப்பதோ புதுச்சேரி லாஸ்பேட்டை. “லாஸை லாஸ் இல்லாமல் லாஸாக்கு” என்று என் அலுவலகத்தில் உண்மையாகவே சொல்கிறோம்.

ஆனால் இழப்புள்ள வகையை எங்கே வைப்பீர்கள்? வெள்ளை நகரத்துப் பழைய வீட்டு முகப்புகளை வருடி, கைபேசியில் சுற்றிப் பார்க்கக் கொடுக்கிறோம். அதற்கு கூகுளின் டிராகோ என்ற மடிப்பு நிரல் போதும். ஆயத்தொலைவுகளை ஒரு கட்டத்துக்குள் முழுமைப்படுத்திவிடும். எம்பெக் குழு புள்ளிமுகிலுக்காக வகுத்த ஜி-பிசிசி தரத்திலும் அப்படிச் செய்ய வழி உண்டு. நெருங்கிய புள்ளிகள் ஒரே கட்டத்தில் விழுந்து ஒன்றாகிவிடலாம். இது கலைத்தலா, மடித்தலா?

~

நண்பரே,

மடித்தல்தான், ஆனால் ‘தோராய மடிப்பு’. மற்றது ‘இழப்பிலா மடிப்பு’. கலைத்தலில் எஞ்சிய புள்ளி தன் இடத்திலேயே இருக்கும். தோராய மடிப்பில் எல்லாப் புள்ளியும் கொஞ்சம் நகரலாம். முகப்பின் கார்னிஸைப் (விளிம்பு வேலைப்பாட்டை) பார்த்து ரசிக்க அது போதும், விரிசலை அளக்க ஆகாது.

ஒன்று சேர்க்க வேண்டும். லாஸ் கோப்பே ஆயத்தொலைவை முழு எண்ணாகத்தான் வைக்கிறது. அலகு 0.001 மீட்டர் என்று வைத்தால் மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளது மடிப்பதற்கு முன்பே போய்விட்டது. ‘இழப்பிலா’ என்பது அதற்குப் பிறகுதான். வரையறையில் இதை எழுதியாக வேண்டும்.

பிறவினைக் குறிப்பு ஏற்கப்பட்டது. பெட்டியை எட்டெட்டாகப் பிரித்துக்கொண்டே போகும் ‘ஆக்ட்ரீ’ என்ற தரவு அமைப்புக்கு ‘எண்கூற்று மரம்’ என்று தனி இழை தொடங்குகிறேன், அதை இதில் கலக்க வேண்டாம்.