மேடையில் சுப்பராமன் பெயர் ஏன் வருவதில்லை?

பெருமாள்மலைக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் ஏழு ரோடு பக்கம் நடந்த மெல்லிசைக் கச்சேரியில் ‘சின்னஞ்சிறு கிளியே’ பாடினார்கள். பாடிய பெண்ணைக் குறை சொல்ல முடியாது. அறிவிப்பாளர் "மகாகவி பாரதியின் பாடல்" என்றதோடு சரி. மெட்டு வானத்திலிருந்து விழுந்ததா? 1951-ல் வந்த ‘மணமகள்’ படத்துக்காக அதைப் பல ராகங்கள் கோத்த ராகமாலிகையாக அமைத்தவர் சி. ஆர். சுப்பராமன். அடுத்து ‘தேவதாஸ்’ பாட்டு. இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று அறிவித்தார்கள். அங்கேயும் மனிதரைக் காணோம்.

பூம்பாறைப் பூண்டு:
அண்ணே, சுப்பராமன் காலமானது 1952 ஜூனில். ‘தேவதாஸ்’ வெளிவந்தது 1953-ல். மிச்சமிருந்த வேலையை முடித்துக் கொடுத்தது உதவியாளர்களான அந்த இருவரும்தான். இளவயதில் போய்விட்டார் என்ற பரிவில் அவரைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைக்கிறோம். கிளிப்பாட்டும் அப்படித்தான். எம். எல். வசந்தகுமாரியின் குரல் இல்லாவிட்டால் அது இன்று யாருக்குத் தெரியும்?

பெருமாள்மலைக்காரன்:
தம்பி, கூரை வேய்ந்தவரைக் காட்டி, சுவர் எழுப்பியவரை மறைக்காதீர்கள். விஸ்வநாதனும் வயலின்காரர் ராமமூர்த்தியும் சுப்பராமன் குழுவில் வேலை பார்த்தவர்கள்தானே? முப்பதை எட்டாத மனிதர் அவர். சிறையிலிருந்து வெளிவந்த நடிகர் தியாகராஜ பாகவதருக்கு ‘ராஜமுக்தி’ (1948), தெலுங்கில் பானுமதியின் ‘லைலா மஜ்னு’ (1949) என்று இரண்டு மொழியிலும் ஓடி ஓடி உழைத்தார். இதில் பரிவுக்கு எங்கே இடம்?

பூம்பாறைப் பூண்டு:
‘ராஜமுக்தி’ ஓடவில்லையே!

பெருமாள்மலைக்காரன்:
படம் படுத்தால் மெட்டும் படுத்துவிடுமா?

கொடை ஆசிரியை:
இருவரும் பாட்டை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். பாரதியின் கண்ணிகள் எல்லாம் ஒரே அளவில் வருபவை. ஒரே மெட்டில் பாடினால் நாலாவது கண்ணியில் சலித்துவிடும். சுப்பராமன் காபி ராகத்தில் தொடங்கி, போகப்போக ராகத்தை மாற்றினார். கொஞ்சல் கண்ணீராகும் இடத்தில் ராகமும் வேறாகிறது. குரல் வளம் மட்டும் செய்கிற வேலை அல்ல அது. படத்தில் வசந்தகுமாரியோடு வி. என். சுந்தரமும் பாடியிருக்கிறார், கேட்டுப் பாருங்கள். பிறகு வசந்தகுமாரி அதைக் கச்சேரி மேடைக்கும் கொண்டுபோனார். சபாவில் சினிமா என்று சொன்னால் மட்டம். பாரதி என்றால் கௌரவம். சுப்பராமன் பெயர் உதிர்ந்தது அந்த வழியில்தான் என்பது என் எண்ணம். (இசையமைப்பாளர்கள் சங்கர்–கணேஷில் சங்கர் இவருடைய தம்பி என்று சொன்னால்தான் என் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்!)

பூம்பாறைப் பூண்டு:
டீச்சர் சொன்னபிறகு கிளிப்பாட்டில் வாதாடவில்லை. ‘தேவதாஸ்’ விஷயத்தில் விடமாட்டேன். குரு போன துக்கத்தோடு படத்தைக் கரைசேர்த்தவர்களின் பெயரை மேடையில் சொன்னதில் என்ன தப்பு?

பெருமாள்மலைக்காரன்:
சொல்லட்டும், சுப்பராமனுக்குப் பிறகு. கோடை விழாவுக்கும் அதே குழுதான் வருகிறது என்று கேள்வி. அவர்கள் போன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா?

பூம்பாறைப் பூண்டு:
என்னிடம் இருக்கிறது. ‘மணமகள்’ பற்றி மட்டும் பேசுவதானால் தருகிறேன்.