வீட்டுக்காரருக்கோ வீட்டம்மாவுக்கோ திடீர்னு முடியாமப் போன நேரம்: உங்க அனுபவத்தை எழுதுங்க

குடமுருட்டிக்கரை

எங்க வீட்டுக்காரருக்கு 67. குறுவைக்கு நாத்து விட்டிருந்தோம். மூணு ஃபேஸ் கரண்ட் வந்ததும் மோட்டார் போடப் போனவங்க, திரும்பி வந்து திண்ணையில உட்கார்ந்தாங்க. வலது கால்ல செருப்பு இருக்கு, இடது கால்ல இல்லை. "ஒத்தச் செருப்பு எங்கங்க?"ன்னு கேட்டேன். குனிஞ்சு பார்த்துட்டு, "ரெண்டும் போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்"னாங்க.

வர்ற வழி பூரா கருவேல முள்ளு. உள்ளங்கால்ல முள்ளு ஏறி ரத்தம் வந்திருக்கு. அது அவங்களுக்குத் தெரியவே இல்லை. அந்தப் பதிலை நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தைப் பிசையுது. இடது கையைத் தூக்கச் சொன்னேன், பாதியில விழுந்துருச்சு. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்துச்சு. உடனே 108.

தஞ்சாவூர் மெடிக்கல்ல டாக்டர் முதல்ல கேட்டது, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?" மோட்டார் போட்டதும் எனக்குப் போன் பண்ணித் தெளிவாப் பேசினாங்க, அந்த நேரம் போன்லயே இருந்துச்சு. இது பக்கவாதம், நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தாத்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியும்னாங்க. ஸ்கேன்ல ரத்தக் கசிவு இல்லைன்னு தெரிஞ்சதும் போட்டாங்க.

இப்ப நடக்குறாங்க. இடது கை விரல் மட்டும் இன்னும் பிடிமானத்துக்கு வரலை. வேட்டி நான்தான் கட்டிவிடுறேன். அந்த நேரம் மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க.

மாயவரம் 71

அம்மா, படிச்சதும் எழுதணும்னு தோணிச்சு. என் வீட்டம்மாவுக்கு ஆடிப்பெருக்கு அன்னிக்கு. காலையில ஆத்தங்கரைக்குப் போயி மஞ்சக் கயிறு மாத்திக்கிட்டு வந்து, சித்ரான்னம் கிளற உட்கார்ந்தா. கடவாப்பல் வலிக்குதுன்னா. நெஞ்சு வலின்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஜாக்கெட் தொப்பலா நனைஞ்சிருச்சு, முகம் வெளுத்துப்போச்சு. "ஒண்ணும் இல்லீங்க, வெயில்ல போயிட்டு வந்தது"ன்னா. அவளுக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை உள்ள பொம்பளைங்களுக்கு மாரடைப்பு இப்படி நெஞ்சு வலி இல்லாமலும் வரும்னு அப்புறம் டாக்டர் சொன்னாரு.

ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம்தான். ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கையில கொட்டி அங்கேயே விழுங்கவச்சாங்க. 2023ல வந்த இதயம் காப்போம் திட்டம். அப்புறம்தான் ஆம்புலன்ஸ் ஏத்துனாங்க.

பெரிய ஆஸ்பத்திரியில ஆஞ்சியோவுக்குக் கொண்டுபோறப்ப நகை எல்லாம் கழட்டணும்னு சொல்லி, நர்ஸம்மா தாலியை ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு என் கையில கொடுத்தாங்க. காலையில மாத்தின கயிறு, மஞ்சள் ஈரம் காயலை, கவர் உள்பக்கம் மஞ்சளா ஒட்டியிருந்துச்சு. அதைச் சட்டைப் பையில வைக்கவும் மனசு வரலை, கையில வச்சிருக்கவும் முடியலை. ஸ்டென்ட் வச்சு நல்லா இருக்கா. ஆனா கவரைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சை அடைக்குது.

வெண்ணாறு

ரெண்டு பேருக்கும் நல்லதாவே முடிஞ்சிருக்கு, சந்தோஷம். ஆனா முதல் பதிவு போட்ட அம்மாவுக்கு ஒண்ணு சொல்லணும். 108 வர்றதுக்குள்ள ஒரு ஆஸ்பிரின் கொடுத்திருக்கலாம். எங்க அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தப்ப அண்ணி அதைத்தான் மெல்லக் கொடுத்தாங்க, பிழைச்சுக்கிட்டாரு.

எல்லாருக்கும் சொல்றேன், இன்னிக்கே ஒரு ஃபைல் போடுங்க. போடுற மாத்திரை பேரு, அளவு, நேரம். எந்த மருந்து ஒத்துக்காது. பழைய ஈசிஜி ஒண்ணு கட்டாயம், புதுசோட ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் கேட்பாரு. ஆதார், காப்பீட்டு அட்டை நகல். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க அதைச் சிவப்பு மையில எழுதுங்க, பக்கவாதத்துக்குக் கட்டி கரைக்கிற ஊசி போடலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண அது வேணும். ஃபைலைப் பீரோவுல பூட்டாதீங்க, வாசக்கதவுக்குப் பக்கத்துல ஆணி அடிச்சுத் தொங்கவிடுங்க. பிள்ளைங்க சிங்கப்பூர்ல இருந்தா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் சொல்லி வைங்க. ராத்திரியில வாசல் விளக்கைப் போட்டு, முச்சந்தியில ஒரு ஆளை நிறுத்துங்க, வண்டி தெரு தேடி அலையக்கூடாது. நடுவுல சின்ன ஆஸ்பத்திரி எதுலயும் நிக்காதீங்க, நேரா தஞ்சாவூர்தான்.

வேதாரண்யம் ரோடு

வெண்ணாறு சார், ஃபைல் விஷயம் முழுசும் சரி, எங்க வீட்டுலயும் தொங்கவிடப்போறேன். ஆனா ஆஸ்பிரின் சொன்னீங்களே, அது தப்பு. மாரடைப்புக்கு அது சரி. பக்கவாதத்துல அடைப்பா, ரத்தக் கசிவான்னு ஸ்கேன் எடுக்காம யாருக்கும் தெரியாது. கசிவா இருந்தா அந்த மாத்திரையே கசிவை இன்னும் அதிகமாக்கிடலாம். அந்த அம்மா வாயில எதுவும் கொடுக்காம இருந்ததுதான் சரி. வாய் கோணின ஆளுக்குத் தண்ணி கொடுத்தாக்கூடப் புரையேறி நெஞ்சுக்குள்ள போயிடும்.

நேரா தஞ்சாவூர்னு சொல்றதும் எல்லாருக்கும் ஆகாது. நாங்க திருத்துறைப்பூண்டியைத் தாண்டி இருக்கோம். ராத்திரியில எவ்வளவு தூரம்னு யோசிங்க. மாயவரத்து ஐயா வீட்டம்மாவுக்குப் பக்கத்துல இருந்த சுகாதார நிலையம்தானே முதல்ல கைகொடுத்துச்சு? பக்கவாதம்னா ஸ்கேன் இருக்கிற இடத்துக்குத்தான் போகணும், அது எதுன்னு 108லயே கேளுங்க, சொல்லுவாங்க.

எங்க கதை வேற. அமாவாசை. எங்க வீட்டுக்காரர் தர்ப்பணம் கொடுத்துட்டு வந்து, காக்காவுக்குச் சோறு வச்சுட்டுக் கொல்லையில நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. காக்கா எடுக்காம சாப்பிட மாட்டாங்க. காலையிலேயே சர்க்கரை மாத்திரை போட்டாச்சு. உச்சிவேளை. திடீர்னு திரும்பி என்னைப் பார்த்து, "அம்மா, மாட்டைக் கறந்தாச்சா?"ன்னாங்க. என் மாமியார் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, மாடு வித்தும் நாளாச்சு. கண்ணு என் மேலதான் இருக்கு, ஆனா என்னைத் தெரியலை. நெத்தியில விபூதி வேர்வையில கரைஞ்சு ஓடுது.

நானும் பக்கவாதம்னுதான் பயந்தேன். மெஷின்ல குத்திப் பார்த்தா சர்க்கரை 41க்கு இறங்கிக் கிடக்கு. நினைவு இருந்துச்சு, முழுங்கவும் முடிஞ்சுது, அதனால சர்க்கரைத் தண்ணி கொடுத்தேன். கால் மணி கழிச்சு மறுபடி குத்திப் பார்த்தேன், ஏறியிருந்துச்சு. "என்னடி இப்படிப் பாக்குற?"ன்னு அவங்க கேட்டப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. அப்புறமும் ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி வச்சுத்தான் அனுப்பினாங்க, அந்த மாத்திரை வேகம் மணிக்கணக்குல இருக்குமாம், மறுபடி இறங்கலாம். நினைவு இல்லாத ஆளுக்கு மட்டும் வாயில எதையும் ஊத்திடாதீங்க.

இப்ப டாக்டர்கிட்ட கேட்டு அமாவாசைக்கு மாத்திரை நேரத்தை மாத்தியாச்சு. தர்ப்பணம் முடிஞ்சதும் முதல்ல அவங்களுக்கு இலை போட்டுடுறேன். காக்கா வர்றப்ப வரட்டும்.